வின்ஸ்லோ அகராதி: அட்டையில் ஒரு பெயர்... பின்னால் எத்தனை பேர்? ராயபுரத்தில் வாழ்ந்த அமெரிக்க மிஷனரியின் கதை

ஒரு பழைய தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன அர்த்தம் என்று இணையத்தில் தேடியிருக்கிறீர்களா? அப்படியென்றால் ஏதோ ஒரு கட்டத்தில் நீங்கள் வின்ஸ்லோ அகராதிக்குள் நுழைந்திருக்க வாய்ப்பு அதிகம். 1862ல் சென்னையில் அச்சான அந்தப் புத்தகம், இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் மொபைலிலேயே கிடைக்கிறது.

அகராதி தெரியும். ஆள் யார்? அவர் நம்ம வடசென்னைக்காரர் என்றால் நம்புவீர்களா? பிறந்தது அமெரிக்கா. ஆனால் அகராதி வேலை நடந்த ஆண்டுகளில் அவர் இருந்து பணியாற்றிய இடங்களில் முக்கியமானது ராயபுரம். இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த வேலை நடந்து முடிவதற்குள் அவர் நான்கு மனைவிகளை இழந்திருந்தார். அட்டையில் நிற்பது ஒரு பெயர்தான். அதற்குப் பின்னால் ஒரு குடும்பமும், பல தமிழ்ப் புலவர்களும், ஒரு அச்சகமும் இருந்தன. அந்தக் கதையைப் பார்ப்போம்.

யார் இந்த மைரன் வின்ஸ்லோ?

மைரன் வின்ஸ்லோ 1789 டிசம்பரில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள வில்லிஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். மிடில்பரி கல்லூரியில் பட்டம், ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் சமயப் படிப்பு. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மிஷனரி வேலை என்பது இளைஞர்களிடையே பெரிய அலையாக இருந்தது. 1810ல் மாசசூசெட்ஸில் தொடங்கப்பட்ட ‘அமெரிக்கன் போர்டு’ என்ற அமைப்பு ஆட்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1816ல் அந்த அமைப்பு யாழ்ப்பாணத்தில் கால் வைத்தது.

அந்த அமைப்பு பெரும்பாலும் கல்யாணம் ஆனவர்களைத்தான் அனுப்பும். அதற்குக் காரணம் இருந்தது. அன்றைய தமிழ்ச் சமூகத்தில் ஒரு வெள்ளைக்கார ஆண் போய் வீட்டுப் பெண்களிடம் பேச முடியாது. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவதும் முடியாத காரியம். அதனால் மனைவி கூட வந்தால் வேலையில் பாதியை அவர் பார்த்துக்கொள்வார் என்பது கணக்கு. ஆனால் அறிக்கைகளில் மிஷனரி என்ற பட்டம் கணவருக்கு. மனைவி அவருக்குத் துணை, அவ்வளவுதான்.

வின்ஸ்லோ 1819 ஜனவரியில் கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரைச் சேர்ந்த ஹாரியட் லாத்ரப்பை மணந்தார். அந்த ஆண்டு ஜூனில் பாஸ்டனிலிருந்து ‘இண்டஸ்’ என்ற கப்பலில் இருவரும் கிளம்பினார்கள். அதே கப்பலில் வந்த இன்னொரு தம்பதி ஜான் ஸ்கடரும் அவர் மனைவியும். ஆம், வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் தாத்தா, பாட்டிதான் அவர்கள்.

உடுவிலில் ஹாரியட் செய்தது என்ன?

கல்கத்தா வழியாக இலங்கை வந்து சேர்ந்த வின்ஸ்லோ தம்பதி, 1820ல் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள உடுவிலில் குடியேறினார்கள். பெண் பிள்ளை எழுதப் படிக்கக் கற்பது தேவையில்லாத வேலை என்று ஊர் நினைத்த காலம் அது. ஹாரியட் 1824ல் அங்கே பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவின் பழமையான பெண்கள் விடுதிப் பள்ளிகளில் ஒன்று என்று சொல்லப்படும் உடுவில் மகளிர் கல்லூரி அதுதான். 200 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நடக்கிறது.

பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோரைச் சம்மதிக்க வைப்பது சுலபமாக இல்லை. சாப்பாடு, துணி, தங்குமிடம் எல்லாம் மிஷன் பொறுப்பு. படிப்பு முடியும்வரை இருந்து கல்யாணம் செய்துகொள்ளும் பெண்ணுக்குச் சீதனமும் மிஷனே கொடுத்தது. கல்வியும் மதமாற்றமும் ஒரே கட்டாக வந்தன என்பதை மறைக்க முடியாது. அதேசமயம் யாழ்ப்பாணத்தில் இரண்டு, மூன்று தலைமுறை ஆசிரியைகள் அந்தப் பள்ளியிலிருந்துதான் வந்தார்கள்.

ஹாரியட்டைத் தொடர்ந்து அவருடைய தங்கைகள் மூன்று பேரும் மிஷனரிகளின் மனைவிகளாக இந்தப் பக்கம் வந்தார்கள். அவர்களில் எலிசபெத்தின் கணவர் சாமுவேல் ஹட்சிங்ஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அகராதிக் கதையில் திரும்ப வருவார்.

வின்ஸ்லோ தம்பதியின் மகன் சார்லஸ், உடுவிலில் 1821ல் பிறந்தவன். மிஷனரிகள் பிள்ளைகளைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது அன்றைய வழக்கம். சார்லஸும் அப்படித்தான் கப்பல் ஏறினான். 1832ல் அங்கேயே இறந்துபோனான். வயது 11. ஒரு கடிதம் வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகும் காலம். மகனின் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்க முடியாத தாய் ஹாரியட், 1833 ஜனவரியில் உடுவிலில் இறந்தார். அவருக்கு வயது 36.

வின்ஸ்லோ மீதிப் பிள்ளைகளுடன் அமெரிக்கா போனார். மனைவியின் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதி 1835ல் வெளியிட்டார். பிறகு பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு மறுபடியும் கப்பல் ஏறினார்.

ஏன் சென்னை?

1833க்கு முன்பு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் வெளிநாட்டு மிஷனரிகள் குடியேறுவதற்குக் கெடுபிடி அதிகம். அந்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொண்டுவந்த பட்டயச் சட்டம் அதைத் தளர்த்தியது. அமெரிக்கர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கும் சென்னைக்கும் நகர்ந்தார்கள். 1836ல் வின்ஸ்லோவும் ஜான் ஸ்கடரும் சென்னையில் புதிய மிஷனைத் தொடங்கினார்கள். நோக்கத்தில் முக்கியமானது அச்சகம். தமிழ் பேசும் இரண்டு கரைக்கும் புத்தகம் அச்சிட்டு அனுப்பச் சென்னைதான் வசதி.

மிஷனின் நிலையங்கள் மூன்று இடங்களில் இருந்தன. சிந்தாதிரிப்பேட்டை, இன்று ஜார்ஜ் டவுன் என்று நாம் சொல்லும் கறுப்பர் நகரம், அப்புறம் ராயபுரம். 1840களில் ராயபுரம் நிலையம் வின்ஸ்லோவின் பொறுப்பில் இருந்தது.

அன்றைய ராயபுரத்தைக் கொஞ்சம் கற்பனை செய்துபாருங்கள். துறைமுகம் கிடையாது. சென்னைத் துறைமுக வேலை தொடங்கியதே 1870களில்தான். கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வர வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் கடிதம், காகிதம், அச்சு எந்திரத்தின் பாகம் எல்லாமே அப்படித்தான் வந்தன. ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856 ஜூலை 1ஆம் தேதி. வின்ஸ்லோ இங்கே வந்து 20 ஆண்டுகள் கழித்து.

மிஷன் வீட்டில் ஒரு வாரம் எப்படி இருக்கும்?

அன்றைய மிஷன் நிலையம் ஒன்றின் வேலை வாரக் கணக்கில் சுழலும். ஞாயிறு என்றால் தமிழில் ஆராதனை. பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வந்து உட்காருவார்கள். திங்கள் முதல் பள்ளிகளைச் சுற்றிப் பார்க்கும் வேலை. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, உலகத்தில் எங்கே இருந்தாலும் அந்த மிஷன்காரர்கள் கூடி ஜெபம் செய்வது வழக்கம். மாலை நேரத்தில் தெருவில் நின்று பிரசங்கம், துண்டுப் பிரதிகள் விநியோகம். கேட்பவர்களில் பாதிப் பேர் எதிர்க்கேள்வி கேட்பார்கள். 1840களில் சென்னையில் மதமாற்றம் பெரிய சர்ச்சையாக இருந்தது. இளைஞர்கள் ஞானஸ்நானம் பெற்ற வழக்குகள் நீதிமன்றம்வரை போன காலம் அது.

இதற்கு நடுவே பகலில் மேசை வேலை. பண்டிதர் வருவார். ஏட்டுச்சுவடி விரியும். பைபிளின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தும் குழுவிலும் வின்ஸ்லோ இருந்தார். அது ஒரு பக்கம், அகராதி இன்னொரு பக்கம்.

மனைவியின் வாரம் வேறு மாதிரி. பெண் பிள்ளைகளின் பள்ளி, தையல் வகுப்பு, அக்கம்பக்கத்துப் பெண்களைப் போய்ப் பார்ப்பது, வரும் போகும் விருந்தாளிகளுக்குச் சாப்பாடு, நோயாளிகளைக் கவனிப்பது, சொந்தப் பிள்ளைகளை வளர்ப்பது. கணவர் நிம்மதியாக மேசையில் உட்கார முடிந்ததற்குக் காரணம், வீட்டில் மீதி எல்லாவற்றையும் இன்னொருவர் தூக்கிச் சுமந்ததுதான். இன்று இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகளில் நடக்கும் சண்டையே இந்தக் கணக்கைப் பற்றித்தானே? அன்று அப்படி ஒரு கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

நான்கு இழப்புகள்

சென்னைக்கு வந்தபோது வின்ஸ்லோவுடன் இருந்தவர் இரண்டாவது மனைவி கேத்தரின். கணவரை இழந்தவர், 1835ல் வின்ஸ்லோவை மணந்தவர். சென்னை வந்த அடுத்த ஆண்டே, 1837ல் இறந்தார். 1838ல் ஆன் ஸ்பியர்ஸைக் கல்யாணம் செய்தார் வின்ஸ்லோ. அவர் 1843ல் இறந்தார். நான்காவது மனைவி மேரி. மதுரை அமெரிக்க மிஷனில் பணியாற்றி 1844ல் இறந்த ராபர்ட் டுவைட்டின் மனைவி. 1845ல் வின்ஸ்லோவை மணந்து, 1852ல் அவரும் போய்ச் சேர்ந்தார். 1857ல் எலன் ரீட் ஐந்தாவது மனைவியாக வந்தார்.

இன்றைக்கு இதைப் படித்தால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் மிஷனரிகளிடையே மறுமணம் அன்று சாதாரணம். வெப்பம், காய்ச்சல், காலரா, பிரசவம் என்று உயிர்ப்பலி அதிகம். மனைவி இல்லாமல் நிலையம் நடக்காது. இறந்தவரின் இடத்துக்கு இன்னொருவர் வருவார், வேலை தொடரும். இதில் காதலும் துயரமும் இருந்திருக்கும். ஆனால் அமைப்பின் பார்வையில் இது ஒரு காலியிடம் நிரப்பப்படுவது போலத்தான்.

அகராதி எப்படி உருவானது?

தமிழில் சொற்களைத் தொகுப்பது புது விஷயம் இல்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி போன்ற நிகண்டுகள் பல நூற்றாண்டுகளாக இருந்தன. ஆனால் அவை செய்யுள் வடிவில், பொருள் வாரியாக இருக்கும். மனப்பாடம் செய்தவருக்குத்தான் பயன். அகர வரிசைக்கு மாற்றிக் கொடுத்தவர் வீரமாமுனிவர், 1732ல் சதுரகராதி மூலம். தமிழ்–ஆங்கிலத்துக்கு வந்தால், 1779ல் பாப்ரிசியஸ் வெளியிட்ட அகராதியில் சுமார் 9,000 சொற்கள். அடுத்து ராட்லரின் அகராதி இன்னும் பெரிதாக வந்தது.

இன்னொரு பக்கம் யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் என்ற ஆங்கிலேய மிஷனரி தமிழறிஞர்களுடன் சேர்ந்து சொற்களைக் குவித்துக்கொண்டிருந்தார். பெரிய அகராதி ஒன்று அவர் கனவு. முடிக்கும் முன்பே இறந்துபோனார். அதே யாழ்ப்பாண முயற்சிகளின் தொடர்ச்சியாக, சந்திரசேகர பண்டிதரின் உழைப்பில் 1842ல் மானிப்பாயில் 58,000க்கும் அதிகமான சொற்களுடன் ஒரு தமிழ்–தமிழ் அகராதி அச்சானது.

நைட் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகளை எடுத்து வேலையைத் தொடர்ந்தவர்களில் ஒருவர்தான், நாம் ஏற்கெனவே பார்த்த ஹட்சிங்ஸ். ஹாரியட்டின் தங்கை கணவர். அவரிடமிருந்து பொறுப்பு வின்ஸ்லோவின் மேசைக்கு வந்தது.

அப்புறம் நடந்தது பொறுமையான வேலை. ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கியத்தில் என்ன பொருள், தெருவில் என்ன பொருள், வடமொழியிலிருந்து வந்ததா, வட்டார வழக்கா, மருத்துவத்திலா, சோதிடத்திலா என்று பிரித்தாக வேண்டும். செந்தமிழ், கொடுந்தமிழ் இரண்டையும் சேர்ப்பது என்ற முடிவுதான் இந்த அகராதியின் பலம். புலவர் பேசும் சொல்லுக்குப் பக்கத்திலேயே சந்தையில் பேசும் சொல்லும் இருக்கும்.

இதை ஒரு அமெரிக்கர் தனியாகச் செய்திருக்க முடியாது. அன்று சென்னையின் பெரிய தமிழாசிரியர்களில் ஒருவரான இராமாநுச கவிராயர் இந்த வேலைக்கு உதவினார். ஜி.யு.போப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. பாதிரிமார்களின் அகராதி, மொழிபெயர்ப்பு, இலக்கண நூல் எதை எடுத்தாலும் பின்னால் ஒரு முன்ஷி இருப்பார். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, தன் பெயர் முன்னால் வராது என்று தெரிந்தே தமிழைக் கொட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

அச்சகத்தின் பங்கு

எழுதி முடித்தால் போதாதே, அச்சிட வேண்டுமே? அன்று ஒவ்வொரு எழுத்தையும் ஈயத்தில் வார்த்து, கையால் கோத்து அச்சிட வேண்டும். தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் புத்தகங்கள் தடிமனாகி, விலையும் எகிறும். 1840ல் சென்னை வந்த அமெரிக்க அச்சகப் பொறுப்பாளர் ஃபினியாஸ் ஹன்ட், சிறியதும் தெளிவானதுமான தமிழ் எழுத்துருக்களை வெட்ட வைத்தார். அழகான தமிழ் அச்சுக்கு அவருடைய அமெரிக்கன் மிஷன் பிரஸ் பெயர் வாங்கியது.

அந்த அச்சகத்திலிருந்துதான் 1862ல் வின்ஸ்லோ அகராதி வெளிவந்தது. பெரிய அளவில் கிட்டத்தட்ட 1,000 பக்கம், 67,000க்கும் அதிகமான சொற்கள். அதுவரை வந்த தமிழ்–ஆங்கில அகராதிகளில் மிகப் பெரியது அதுவே. நைட்டின் கையெழுத்துப் பிரதிகளைப் பயன்படுத்தியிருப்பதை முகப்புப் பக்கத்திலேயே வின்ஸ்லோ குறிப்பிட்டிருந்தார். அந்த நேர்மையைப் பாராட்டலாம். ஆனாலும் மக்கள் வாயில் நின்றது ‘வின்ஸ்லோ அகராதி’தான்.

கடைசிப் பயணம்

அகராதி வந்தபோது வின்ஸ்லோவுக்கு 72 வயது. உடம்பு தளர்ந்துவிட்டது. 1864ல் ஊருக்குத் திரும்பலாம் என்று சென்னையில் கப்பல் ஏறினார். பாதி வழியில், ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் அக்டோபர் 22ஆம் தேதி இறந்தார். பிறந்த மண்ணிலும் இல்லாமல், 44 ஆண்டுகளாக உழைத்த தமிழ் மண்ணிலும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவே முடிந்தது அவர் பயணம். அதோடு சென்னை அமெரிக்க மிஷனும் மூடப்பட்டது. 1866ல் அச்சகம் வேப்பேரியில் இருந்த எஸ்.பி.சி.கே. அமைப்பின் கைக்குப் போனது.

அதற்குப் பிறகு?

20ஆம் நூற்றாண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ் லெக்சிகன் என்ற மாபெரும் அகராதியைக் கொண்டுவந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதன் முதல் பதிப்பாசிரியர் ஜே.எஸ்.சாண்ட்லர், மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிக் குடும்பத்துப் பிள்ளை. அவர் முழுப்பெயர் ஜான் ஸ்கடர் சாண்ட்லர். ‘இண்டஸ்’ கப்பலில் வின்ஸ்லோவுடன் வந்த அதே ஸ்கடரின் பெயர்!

இன்னொரு பெயர் விமானப் பயணிகளுக்குத் தெரிந்திருக்கும். உடுவிலில் 1829ல் பிறந்த வின்ஸ்லோவின் மகள், அம்மாவின் பெயரையே கொண்ட ஹாரியட். தாயை இழந்து அமெரிக்காவில் வளர்ந்த அவர், ஜான் வெல்ஷ் டல்லஸ் என்ற மிஷனரியை மணந்து சில ஆண்டுகள் சென்னையில் வாழ்ந்தார். அந்தத் தம்பதியின் பேரன்தான் ஐசனோவர் ஆட்சியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். அகராதி வெளிவந்து சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1962ல் திறந்த வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான்.

எப்படி எடைபோடுவது?

வின்ஸ்லோ வந்தது தமிழை வளர்க்க இல்லை. மதத்தைப் பரப்ப வந்தார், அதற்குத் தமிழ் தேவைப்பட்டது. ஆனால் கருவி ஒரு முறை கைக்கு வந்துவிட்டால் யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் படித்த ஆறுமுக நாவலர் அதே அச்சு எந்திரத்தைச் சைவத்துக்காகத் திருப்பினார். அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டை செமினரியில் படித்த சி.வை.தாமோதரம்பிள்ளை, பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். பைபிளைப் புரியவைக்கத் தொகுத்த சொற்களில் இன்று நாம் சங்க இலக்கியத்துக்கு அர்த்தம் தேடுகிறோம்.

அடுத்த முறை அந்த அகராதியில் ஒரு சொல்லைத் தட்டும்போது, பள்ளி நடத்திய ஹாரியட், வந்த மறுவருடமே மறைந்த கேத்தரின், ஆன், மேரி, எலன், சொல்லுக்குச் சொல் பொருள் சொன்ன இராமாநுச கவிராயர், முடிக்காமல் போன நைட், எழுத்து வெட்டிய ஹன்டின் ஆட்கள் என எல்லாரும் அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறார்கள். நினைவில் நிற்பது என்னவோ ஒரே ஒரு பெயர்தான்.